குளுக்கோஸ் டின் போன திசை

ஜூன் 24, செவ்வாய்

நாளை ஜோனல் மேட்ச். சுண்ணாம்புக் கோடு போட வருகிறேன் என்ற வாட்ச்மேன் வரவில்லை, நானே போட்டேன். ஒன்பதாம் வகுப்பு ஜன்னலிலிருந்து ஒரே சிரிப்பு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து கோடு போடும் பி.டி. டீச்சரைப் பார்த்தால் நானாக இருந்தாலும் சிரிப்பேன்.

இந்த டைரியை என் வீட்டுக்காரர் திருட்டுத்தனமாகப் படிப்பது எனக்குத் தெரியும். அவருக்குக் கோ-கோ தெரியாது. ஆகவே அவருக்காக எழுதுகிறேன்: எட்டுப் பெண்கள் ஒரே கோட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் எதிர் டீமைத் துரத்துவாள். களைத்துப்போனால் உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி "கோ" என்பாள். அவள் எழுந்து ஓட, இவள் அங்கே உட்கார்ந்துகொள்வாள். அவ்வளவுதான் ஆட்டம். இனிமேலாவது டி.வி.யில் கோ-கோ வந்தால் சேனலை மாற்றாதீர்கள்.

மேட்சுக்கு முன்னால் எங்கள் டீமுக்கு ஒரு வழக்கம் உண்டு. எட்டுப் பேரும் உட்கார்ந்ததும் முதல் ஆளுக்கு நான் ஒரு சிட்டிகை குளுக்கோஸ் ஊட்டி, டின்னை அவளிடம் கொடுப்பேன். அவள் டின்னுக்குள் கையை விட்டு அடுத்தவளுக்கு ஊட்டுவாள், அடுத்தவள் அதற்கடுத்தவளுக்கு. கடைசியில் துரத்துகிறவள் வாய்க்குப் போய்ச் சேரும். டின் ஒரே பக்கமாகத்தான் போக வேண்டும், திரும்பி வந்தால் ராசியில்லை.

நான் இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில் இந்தப் பெண்களில் ஒருத்தி குடித்த டம்ளரை இன்னொருத்தி தொட மாட்டாள். காரணத்தை எழுத வேண்டியதில்லை, ஊரறிந்த காரணம்தான். கோ-கோவில் ஒருத்தியை ஒருத்தி தொடாமல் ஆட முடியாது. அதனால்தான் இந்த ஊட்டலை ஆரம்பித்து வைத்தேன். என் சர்வீஸில் நான் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஜூன் 25, புதன்

ஜெயித்துவிட்டோம். மௌனிகா மூன்றாவது இடத்தில் உட்கார்ந்து புலியாகப் பாய்ந்தாள். ஆனால் மதியம் பிரியாணியைத் தொடவில்லை, வயிறு புரட்டுகிறதாம். போன மாதம் சொந்தக்காரர் கல்யாணத்தில் ஐஸ்கிரீமாகத் தின்று தீர்த்தவளுக்கு இப்போது பிரியாணி கசக்கிறது.

கழிப்பறைக்குச் சோப்பு வேண்டும் என்று மறுபடியும் ஆபீஸில் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள்.

ஜூன் 30, திங்கள்

மௌனிகாவுக்கு மஞ்சள் காமாலை. அவள் அம்மா போனில் சொன்னார்.

ஜூலை 2, புதன்

மௌனிகாவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் மாம்பழச் சதை நிறம். வீட்டில் கேன் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் உள்ளே வராது. அவள் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"பச்சத் தண்ணி ஒரு சொட்டு குடுத்ததில்லீங்க மிஸ். பொறந்தப்பவே காமாலை ஊசியும் போட்டாச்சு. அப்பறம் எப்படீங்க வரும்?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. ஊசி போட்ட பிறகும் வருமா? யாரையாவது கேட்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

மழை. பிராக்டிஸ் இல்லை. வீட்டில் துணி காயவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஜோனலுக்கு அடுத்த டிவிஷன் மேட்சிலும் ஜெயித்துவிட்டோம். மௌனிகா இல்லாமலேயே. கப்பைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தோம். ஆறாம் வகுப்புப் பொடிசுகள், அடுத்த வருஷ டீம், ஆட்டம் முடியும் வரை தொண்டை கிழியக் கத்தினார்கள். வழக்கப்படி பெரியவர்கள் ஆளுக்கொரு பொடிசை மடியில் உட்கார வைத்து அதே டின்னிலிருந்து குளுக்கோஸ் ஊட்டினார்கள். இனியா என்கிற குட்டி இன்னொரு வாய் கேட்டு தாரணியின் கையைப் பிடித்து இழுத்தாள். ஃபோட்டோ எடுத்தேன்.

தாரணிதான் சோர்ந்துபோய் இருந்தாள். வெயிலாக இருக்கும்.

ஜூலை 28, திங்கள்

தாரணி, அப்புறம் வரிசையின் கடைசியில் ஆடும் மூன்று பேர். நால்வருக்கும் கண் மஞ்சள். பள்ளியே பரபரப்பாகிவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் இன்பசேகரன் வந்தார். சின்ன வயசு, என் அக்கா மகன் போல இருக்கிறார். தண்ணீர்த் தொட்டி, சத்துணவுக் கூடம், கழிப்பறை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். கழிப்பறையில் சோப்பு இல்லையே என்று கேட்டார். ஹெச்.எம். கோமதி மேடம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மாலையில் பெற்றோர் கூட்டமாக வந்துவிட்டார்கள். ஒரு அப்பா சொன்னார்: "வாய்க்கால்மேட்டுப் புள்ளைங்களோட ஒண்ணா மண்ணாத் திரிஞ்சா வேற என்னங்க வரும்?"

ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் வாய்க்கால்மேட்டிலிருந்து எங்கள் டீமில் இருப்பது ஒருத்திதான், கேப்டன் அங்காளேஸ்வரி. அவர்கள் போன பிறகு மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"சாந்தாமணி மிஸ், அந்தப் புள்ளையக் கொஞ்ச நாளைக்கு டீம்ல இருந்து நிறுத்தி வையுங்க. நாலு பேரு வாய அடைக்கோணுமல்லோ."

"அவளுக்கு ஒண்ணுமே இல்லீங்களே மேடம்."

"அதுதானுங்க சந்தேகமே. அவளுக்கு மட்டும் ஏன் ஒண்ணுமில்ல?"

அங்காவிடம் நானே போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினாள். முழங்காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 29, செவ்வாய்

மேடம் கேட்டது குதர்க்கம்தான். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அவளுக்கு ஏன் வரவில்லை? சமைக்கும்போதும் அதே நினைப்பு, குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். இவர் தயிர் ஊற்றிச் சாப்பிட்டார்.

ஜூலை 31, வியாழன்

தொட்டித் தண்ணீரில் கோளாறு இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. அப்படியானால் எங்கிருந்து வந்தது?

மாலையில் அங்கா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா ராமாயி நாற்காலி தேடி ஓடினார். வேண்டாம் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். அங்காவுக்கு எப்போதாவது காமாலை வந்ததா என்று கேட்டேன்.

"ஒண்ணாப்பு படிக்கறப்ப வந்துதுங்க. அப்பெல்லாம் எங்களுக்கு வாய்க்காத் தண்ணிதானுங்க. அந்த வருசம் வீதியில பாதிப் புள்ளைங்களுக்குக் கண்ணு மஞ்சளாப் போச்சு. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம். ஒரு வாரத்துல எந்திரிச்சு ஓடிட்டா. எதிர்வூட்டுப் பையன் ஒருத்தந்தான் பொழைக்கல."

சொல்லிவிட்டு எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்த்தார்.

டீமில் நோய் வராத மற்ற மூவரில் ஒருத்தி சபீரா. அவளிடமும் கேட்டேன். "இல்ல மிஸ், எனக்குக் காமாலையே வந்ததில்ல. ஆனா அத்தா வேலைக்காக நாங்க மஸ்கட் போறதுக்கு முந்தி டாக்டர் எங்க எல்லாத்துக்கும் ஊசி போட்டாரு. எனக்குக் கை வீங்கிப் போச்சு."

இரண்டையும் டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். அவருக்கு ஒரே உற்சாகம். இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். சந்தேகம் வந்தால் தூங்காத ஜாதி போலிருக்கிறது, என்னைப் போல.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பள்ளியிலிருந்து வந்ததும் சமையல் மேடையில் சின்ன வெங்காயத்தை வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றும் ஒருத்தி, ஜோனல் மேட்ச் அன்று உட்கார்ந்த அதே வரிசை. நோய் வந்தவர்களின் வெங்காயத்தைத் தோல் உரித்தேன்.

முதல் இருவர்: நன்றாக இருக்கிறார்கள். மூன்றாவது மௌனிகா. அவளுக்கு அப்புறம் உட்கார்ந்தவர்களில் அங்காவும் சபீராவும் தவிர எல்லாம் உரித்த வெங்காயம்.

"சாம்பாருக்கா?" என்று கேட்டார் இவர்.

ஆமாம் என்று எல்லாவற்றையும் வழித்து எடுத்துக் குக்கரில் போட்டுவிட்டேன். இதைப் பற்றி இன்று எழுத விருப்பமில்லை. கண் எரிகிறது.

ஆகஸ்ட் 2, சனி

டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். இருவருடைய ரத்த ரிப்போர்ட்டும் வந்துவிட்டது.

"ரெண்டு பேரு உடம்புலயும் காவல் இருக்குங்க டீச்சர், எதிர்ப்புச் சக்தி. ஒருத்திக்கு அந்த நோவே குடுத்துட்டுப் போன காவல், இன்னொருத்திக்கு ஊசி குடுத்தது. இனி இது அவங்களுக்கு வராது. அவங்ககிட்ட இருந்து மத்தவங்களுக்கும் பரவாது."

மௌனிகாவுக்குப் பிறந்தபோது போட்டதும் காமாலை ஊசிதானே என்று கேட்டேன்.

"அது பி வகைக்கு. ரத்தத்துல பரவறது. இது ஏ வகை, கை வழியா வாய்க்குப் போறது. வேற கிருமி, வேற ஊசி. இந்த ஊசி அரசாங்கம் போடற வரிசையில இல்ல, வெளியதான் போட்டுக்கணும். சின்னக் குழந்தைல வந்தா பல பேருக்கு வந்ததே தெரியாது. சுத்தமா வளர்ந்த புள்ளைங்க பெருசானப்பறம் மொத மொதலாப் பாக்கறாங்க, அப்ப ஆட்டி வைக்குது."

அப்படியானால் அழுக்குத் தண்ணீர்தான் நல்லதா என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த வாய்க்காத் தண்ணியில செத்த குழந்தையும் உண்டுங்களே" என்றார். எதிர்வீட்டுப் பையன் ஞாபகம் வந்தது.

பிறகு அவர் கேட்டார்: "மௌனிகா படுக்கறதுக்கு முந்தின வாரம், டீம்ல எல்லாரும் ஒண்ணாக் கை விட்டு எதாச்சும் சாப்பிட்டாங்களா?"

ஞாபகமில்லை என்று சொன்னேன்.

"யோசிச்சுப் பாருங்க. கண்ணு மஞ்சளாகறதுக்கு முந்தியே ஒண்ணு ரெண்டு வாரம் பரவும். பட்டவங்களுக்கு ரெண்டு வாரத்துக்குள்ள ஊசி போட்டா பெரும்பாலும் தடுத்துரலாம். அதுக்கப்பறம் போட்டா நம்ப முடியாது."

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். இன்று துவைக்க வேண்டிய துணியே இல்லை, மடித்து வைத்ததை எடுத்துத் துவைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரே ஆற்றுக்குப் போயிருக்கிறது. தாரணியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போய்விட்டார்கள். கல்லீரல் வேலை செய்வது குறைந்துகொண்டே வருகிறதாம், அரை மயக்கத்தில் அம்மாவையே யார் என்று கேட்டாளாம். ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். அந்த ஒருத்தி தாரணிதானா?

எழுதிவிடுகிறேன். டின் வழியாகத்தான் போயிருக்கிறது. மௌனிகாவின் கை டின்னுக்குள் போன பிறகு அதில் கை விட்டவர்கள், அதிலிருந்து தின்றவர்கள் எல்லோருக்கும் வந்திருக்கிறது, காவல் உள்ள இருவரைத் தவிர. டின் திரும்பி வராததால் முதல் இருவர் தப்பித்தார்கள். மௌனிகா நேராக ஊட்டியது அங்காவுக்கு. ஊர் யாரைக் குற்றம் சொல்கிறதோ, அவள் வாங்கித்தான் கொண்டாள், கொடுக்கவில்லை.

மௌனிகா படுத்த அன்றே எனக்கு இது உறைத்திருந்தால் தாரணிக்கு ஊசி போட்டிருக்கலாம். நாள் இருந்தது. நான் மழையையும் காயாத துணியையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது பொடிசுகள். டிவிஷன் மேட்ச் அன்று தாரணியும் மற்ற மூவரும் அவர்களுக்கு ஊட்டியது, தாங்கள் படுப்பதற்குச் சில நாள் முன்னால்தான். வியாழக்கிழமையோடு இரண்டு வாரம் முடிகிறது. செல்போனில் அந்த ஃபோட்டோவைப் பார்க்க முடியவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வேலையைப் பற்றிப் பயமில்லை என்றால் அது பொய். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. கண்டவர்கள் கையில் தின்னாதே என்று சொல்லி வளர்த்தவர்களுக்கு நானே போய், பார்த்தாயா, நீ சொன்னது சரிதான் என்று எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எத்தனை குழந்தைங்க டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பொடிசுகளின் பெற்றோரைக் கூட்டினோம். கூட்டத்துக்கு முன்னால் மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணியில எதோ இருந்துச்சுன்னு சொல்லிக்கலாம் மிஸ். நீங்க வாயத் தொறக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் கெட்டவரில்லை. ஆனால் தண்ணீர் என்று ஆரம்பித்ததுமே ஒரு அம்மா எழுந்துவிட்டார். "தண்ணி சுத்தம்னு ரிப்போர்ட் வந்துருச்சுன்னு நீங்கதானுங்க மெசேஜ் போட்டீங்க. அப்பறம் எதுக்குங்க ஊசி? பொறந்தப்பவே போட்டாச்சு." டாக்டர் ஏ, பி என்று விளக்கினார். பாதிப் பேர் கதவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நன்றாக ஓடியாடும் குழந்தைக்கு எதற்கு ஊசி என்றுதானே தோன்றும்? அவர்கள் இடத்தில் நானும் எழுந்து போயிருப்பேன்.

அதனால் சொன்னேன். டின்னைப் பற்றி, யார் யார் ஊட்டினார்கள் என்பது பற்றி, அவர்கள் குழந்தைகள் வாயில் அது போனதைப் பற்றி. புள்ளைகள் மேல் குற்றமில்லை, ஊட்டச் சொன்னது நான், கை கழுவச் சோப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் ஊட்டச் சொன்னதும் நான் என்றேன். விசில் ஊதிப் பழகிய தொண்டை, கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும்.

நான் பயந்தபடியே ஆயிற்று. பின்வரிசையிலிருந்து ஒருவர்: "நாங்க அப்பவே சொன்னோம். கண்டவிய கையில தின்னா இப்படித்தான் ஆகும்."

"அங்காளேஸ்வரி கையில இருந்து யாருக்கும் போகலீங்க" என்றார் டாக்டர். "ரத்தத்துலயே இருக்கு. வேணும்னா ரிப்போர்ட் காட்டறேன்."

யாரும் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. அப்போது கதவோரம் நின்றிருந்த ராமாயி பேசினார். அவருடைய சின்னவள் பூங்கோதையும் பொடிசு டீம்தான்.

"எங்க வீதிக்கு நல்ல தண்ணி வந்து கொஞ்ச வருசமாச்சுங்க. பெரியவளுக்கு வந்த நோவு சின்னவளுக்கு வரல. அப்பிடின்னா இவளுக்கு அந்தக் காவல் இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா. ஊசிதான் குடுக்கணும்."

"அப்ப எம் புள்ளைக்கு மொதல்ல போடுங்க. கோயமுத்தூர்ல ஒரு புள்ள கெடக்கறது போதும்."

கோயம்புத்தூர் என்ற வார்த்தை கேட்டதும் கதவைப் பார்த்தவர்கள் திரும்பினார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

மருந்துக் கடை வைத்திருக்கும் பழைய மாணவி ஒருத்தி ஊசியை வரவழைத்துக் கொடுத்தாள். பணம் கட்ட முடியாதவர்களுக்கு ஊர் மில் முதலாளியம்மா ஏற்பாடு செய்தார். நேற்றும் இன்றும் பொடிசுகள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். பூங்கோதை அழவில்லை. பின்னால் நின்றவள் அவளைப் பார்த்து அழலாமா வேண்டாமா என்று யோசித்து, அப்புறம் அழுதாள்.

இனியா வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கதவைத் திறக்காமலே பேசினார். "போதுங்க டீச்சர், நீங்க செஞ்சதே போதும்." நாளையும் போவேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

போனேன். வீடு பூட்டியிருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

டீம் பொறுப்பு என்னிடம் இல்லை. வாயால்தான் சொன்னார்கள், நூலகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கழிப்பறைக்குச் சோப்பு வந்துவிட்டது, சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அங்கா மறுபடி கேப்டன். எல்லாம் நல்லதுதான்.

மதியம் மரத்தடியில் பெண்கள் சாப்பிடுவதைப் பார்த்தேன். மூன்று கூட்டமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். யார் யாரோடு என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவரவர் தண்ணீர், அவரவர் டப்பா, சுகாதாரமாம். நூலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

டாக்டர் சொல்லியிருக்கிறார்: ஊசி போட்டாலும் செப்டம்பர் பாதி வரை பொடிசுகளைக் கண்காணிக்க வேண்டும். அதனால் காலையில் கேட்டில் நிற்கிறேன். ஒவ்வொருத்தியும் கீழ் இமையை இழுத்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஒருத்தி நாக்கையும் நீட்டிக் காட்டினாள்.

ஆகஸ்ட் 23, சனி

தாரணி பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்துவிட்டாள். போனேன். அவள் அப்பா என்னோடு பேசவில்லை, அவள் அம்மா காப்பி கொடுத்தார். தாரணி மெலிந்து கிடந்தாள். "எப்ப ஆடலாம் மிஸ்?" என்று கேட்டாள். தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இனியாவுக்குக் கண் மஞ்சள். அவளுக்கு மட்டும். வீட்டு வாசலில் அவள் அப்பா என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்து விட்டார். நல்லவேளை, லேசாகத்தான் இருக்கிறது என்கிறார் டாக்டர். ஊசி போட்டவர்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. அவருக்கு இது ஒரு கணக்கின் விடை. எனக்கு இனியா.

செப்டம்பர் 15, திங்கள்

நாள் முடிந்துவிட்டது என்று டாக்டர் போன் செய்தார். காலையில் கேட்டில் பொடிசுகளிடம் சொன்னேன், நாளையிலிருந்து கண் காட்ட வேண்டாம், நேராக வகுப்புக்குப் போங்கள் என்று. "அப்ப நீங்க கேட்டுக்கு வர மாட்டீங்களா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். நூலகத்தில் நிறைய வேலை இருக்கிறது என்றேன். நூலகத்தில் ஒரு வேலையும் இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

கால் தானாகக் கேட்டுக்குப் போய்விட்டது. பொடிசுகளும் வரிசையாக நின்றிருந்தார்கள். இனியாவும் வந்துவிட்டாள், பூங்கோதைக்குப் பின்னால், அவள் பையைப் பிடித்துக்கொண்டு.

"முடிஞ்சுதுன்னு சொன்னேனல்லோ, போங்க" என்றேன்.

யாரும் நகரவில்லை. பூங்கோதை முன்னால் வந்தாள்.

"தினமும் எங்க கண்ணையே பாத்தீங்க. இன்னிக்கு உங்க கண்ணக் காட்டுங்க மிஸ்."

சேலையை ஒதுக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, கீழ் இமையை இழுத்துக் காட்டினேன். ஒருத்தி விடாமல் குனிந்து பார்த்தார்கள். இனியா மிக அருகில் வந்து, டாக்டர் அவளைப் பார்த்ததுபோலவே மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்த்தாள்.

"மஞ்சள் இல்ல மிஸ்" என்றாள். "செவப்பாத்தான் இருக்கு."